தொட்டில் கொக்கியில் ஒரு தலைகீழ் மரம்

டிசம்பர் 1, வியாழன்

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தோம். கூடவே ஓர் இரும்புக் கட்டில், ஒரு பெட்பேன், ஒன்பது விதமான மாத்திரைகள், இந்த நோட்டு. பிசியோதெரபி செய்ய வரும் பெண் இதைக் கையில் திணித்து, "டீச்சர், நீங்க படிச்சவங்க. எத்தன மணிக்குத் திருப்பிப் படுக்க வச்சீங்க, எத்தன தடவ கால மடக்குனாங்க, எல்லாம் தினமும் எழுதி வைங்க" என்றாள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'நோயாளியின் ஒத்துழைப்பு'. இருபத்தெட்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒத்துழைப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கட்டம் கட்டமாக எழுத எனக்கு வராது. தேதி போட்டு என் இஷ்டத்துக்கு எழுதப்போகிறேன்.

நோயாளியின் பெயர் ஆசீர் பொன்ராஜ். வயது ஐம்பத்தேழு. என் கணவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறி ஒரு கீறல் இல்லாமல் இறங்கியவர், போன சனிக்கிழமை சாயங்காலம் சொந்த வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டிவிட்டு வழுக்கி விழுந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் விழுந்தார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒன்று நசுங்கிவிட்டது. ஸ்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே உயரமான ஸ்டார் இப்போது எங்களுடையதுதான். எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து, குனிந்து அவரைப் பார்க்கிறார்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் டாக்டர். ஆறு வாரம் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க வேண்டும். இடது காலில் பலம் குறைந்திருக்கிறது. படுத்தபடியே அந்தக் காலை மடக்கி நீட்டவேண்டும், தினமும், காலையும் மாலையும். "செஞ்சா நடப்பார். செய்யலேன்னா நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் ஞாபகம் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் ஃபைலில் எழுதித் தந்திருக்கிறார்.

டிசம்பர் 2, வெள்ளி

கால் மடக்கியது: பூஜ்யம். பேசியது: பூஜ்யம்.

விழுந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. தலையில் அடி இல்லை, ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று. நாக்கும் ஒழுங்காக இருக்கிறது, இட்லியைத் தின்கிறது. கேட்டால் தலையாட்டுகிறார், அவ்வளவுதான். "மனசு ஒடஞ்சு போயிருப்பாங்க டீச்சர்" என்றாள் பிசியோ பெண். உடைந்தது முதுகு என்றல்லவா எக்ஸ்ரேயில் காட்டினார்கள்.

இந்த மனுஷர் பேச ஆரம்பித்தால் பக்கத்துத் தெருவில் பால் பொங்கும். அவ்வளவு சத்தம். வாயை மூடுங்கள் என்று இருபத்தேழு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கிடைத்திருக்கிறது.

டிசம்பர் 4, ஞாயிறு

கோயில் முடிந்து சபை முழுக்க இங்கே வந்தது. ஆப்பிள் மட்டும் நாற்பது சேர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "எப்படி விழுந்தாவ?" அவரிடம் கேட்கிறார்கள். அவர் மேற்கூரையைப் பார்க்கிறார். நான் பதில் சொல்கிறேன்: "அவியளுக்கு எப்பவும் ஒசரமாத்தான் கெட்டணும்." எல்லாரும் சிரிக்கிறார்கள். நல்ல பதில். நன்றாக ஓடுகிறது.

எதிர் வீட்டு ஜெயசீலனும் வந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். போன வருஷம் வரை தெருவில் உயரமான ஸ்டார் அவருடையது. என் கணவருக்கு இந்த உலகத்தில் யாரைக் கண்டால் ஆகாது என்று கேட்டால், எலிக்கு அடுத்து இவரைத்தான் சொல்லுவார். கட்டிலருகே நின்று, "அண்ணாச்சி, இந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸ்ல என்னையத் தாத்தாவா வரச் சொல்லுதாவ. அந்த டிரஸ்ஸு இங்கதான் இருக்குன்னாவ" என்று இழுத்தார். வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போகும் அந்தக் கூட்டத்தில் பத்தொன்பது வருஷமாகக் கிறிஸ்மஸ் தாத்தா எங்கள் வீட்டுக்காரர்தான். நான் பீரோவிலிருந்து சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் எடுத்துக் கொடுத்தேன். படுத்திருந்தவர் அதற்கும் மேற்கூரையைத்தான் பார்த்தார்.

அவர் விழும்போது நான் கீழே முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். சும்மாதான் நின்றேன். இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். என்ன வார்த்தை என்பது பிசியோதெரபிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

டிசம்பர் 6, செவ்வாய்

அரை நாள் லீவு. மாதத் தேர்வுத் தாள்களை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறேன். 'ஈர்ப்பு விசை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, 'மேலே போனவை கீழே வருவது' என்று எழுதியிருக்கிறாள். சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தது என் தப்பு.

இரண்டு மார்க் போட்டேன்.

கால் மடக்கியது: பூஜ்யம். நான் பிடித்து மடக்கினால் கணக்கில் வராதாம்.

டிசம்பர் 8, வியாழன்

அவருடைய அக்கா சொர்ணபாய் மைனி நாசரேத்திலிருந்து வந்துவிட்டாள், எனக்கு உதவி செய்ய. வந்ததும் செய்த முதல் உதவி, என் அடுப்படியில் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றியது. இரண்டாவது உதவி, தம்பி தலைமாட்டில் உட்கார்ந்து, "பெருமைக்கு ஏறுன, கர்த்தர் தாழ்த்திட்டாரு, இனியாவது மனந்திரும்பு" என்று ஜெபம் பண்ணியது.

கட்டில் கிடக்கிற மூலை வருஷா வருஷம் கிறிஸ்மஸ் மரம் வைக்கிற மூலை. மைனி அதைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் மரம் வேண்டாம் எப்சி. வைக்க எடம் எங்க கெடக்கு? மனுசன் இப்படிக் கெடக்கும்போது அலங்காரம் ஒரு கேடா?" என்றாள்.

நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. மைனி சொல்லாமல் இருந்திருந்தால் அந்த அலங்காரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருக்கவே மாட்டேன்.

டிசம்பர் 10, சனி

மரம் வைத்தாயிற்று. வைத்தாயிற்று என்பது சரியில்லை. தொங்கவிட்டாயிற்று.

ஹாலில் நடுவாக, மேற்கூரையில் ஒரு தொட்டில் கொக்கி இருக்கிறது. வீடு கட்டும்போது மாமியார் சொல்லிப் போட வைத்தது. இருபத்தாறு வருஷத்தில் அதில் தொங்கியது வாழைத்தார் மட்டும்தான். வாழைக்காய் நன்றாகப் பழுக்கும். கொக்கி பலமானது என்பதற்கு அது போதாதா.

தரையில் இடமில்லை, அதனால் மேலே. காரணம் இவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் கிடையாது. மைனி கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

இவரிடம் வேலை பழகிய வயர்மேன் இசக்கிமுத்து, ஆள் உயரச் சவுக்குக் கொப்பு ஒன்றைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். ஏணி மேல் நின்று, "டீச்சர், எந்தப் பக்கம் மேல?" என்றான். "அடிப்பக்கம் மேல." "அப்ப நுனி?" "கீழ." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு கட்டிலில் கிடக்கிறவரைப் பார்த்தான். "சார் ஒண்ணும் சொல்லலியா?" "சார் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. நீ கெட்டு." கட்டினான். கட்டிலை இரண்டு பேருமாகத் தள்ளி மரத்துக்கு நேர் கீழே கொண்டுவந்தோம். நுனி அவர் நெஞ்சுக்கு மேலே நாலடி உயரத்தில் நின்றது.

நின்று பார்த்தால் அந்த மரம் சகிக்காது. தலைவிரித்த பேய் மாதிரி இருக்கிறது. நாலு சிவப்புப் பந்து, மணி ஒன்று மாட்டிவிட்டு, எப்படித் தெரிகிறது என்று பார்க்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தேன். மைனி அடுப்படியில் இருந்தாள், நல்லவேளை.

அங்கிருந்து பார்த்தால் அழகாக இருந்தது. மரம் இல்லாவிட்டால் அங்கே சுண்ணாம்பு, ஒரு விரிசல், ஒரு பல்லி. பத்து நாளாக இந்த மனுஷர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பல்லியைத்தான். எழுந்து தரையைப் பெருக்கினேன், ஏகப்பட்ட தூசி.

டிசம்பர் 11, ஞாயிறு

பேசிவிட்டார்.

காலையில் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். நுரையோடு, "அந்தப் பந்து கோணலா இருக்கு" என்றார். பதினைந்து நாள் கழித்து ஒரு மனிதன் பேசுகிற முதல் பேச்சு. தண்ணீர் வேணும் என்றில்லை, வலிக்கிறது என்றில்லை, எப்சி என்றில்லை. பந்து கோணல்.

"எந்தப் பந்து?" என்றேன்.

"இடப்பக்கம். நூலு ஒரு பக்கமா இழுக்கு."

சரிசெய்தேன். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "ம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு "முதுகு வலிக்கா?" என்றேன், பதில் இல்லை. "காப்பி வேணுமா?" என்றேன், பதில் இல்லை. "இன்னொரு மணிய எங்க மாட்ட?" என்றேன். "ரெண்டாவது கொப்புல" என்றார். ஆக, மரத்தோடு மட்டும் பேச்சுவார்த்தை. இருக்கட்டும். அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். மைனி, "வெங்காயம் நறுக்காமலே அழுத, என்னட்டி?" என்றாள்.

டிசம்பர் 13, செவ்வாய்

ஆசிரியப் புத்தி என்னை விட்டு எங்கே போகும். இன்று ஒப்பந்தம் போட்டேன். பெட்டியில் இன்னும் முப்பது பந்து இருக்கிறது. ஒரு பந்து மாட்ட வேண்டுமென்றால் இடது காலைப் பத்துத் தடவை மடக்க வேண்டும். மடக்கினால் எந்தக் கொப்பில் சொல்கிறாரோ அந்தக் கொப்பில் மாட்டுவேன். மடக்காவிட்டால் மரம் இப்படியே அரைகுறையாக நிற்கும். தொங்கும்.

என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

சரி. எனக்கும் பிடிவாதம் உண்டு. பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

டிசம்பர் 14, புதன்

மரத்தில் நாலு பந்து, இரண்டு மணி. காலில் பூஜ்யம்.

டிசம்பர் 16, வெள்ளி

எங்கள் போதகர் ஐயர் வந்தார், வீட்டிலேயே இவருக்கு நற்கருணை அப்பம் கொடுக்க. எங்கள் சபைக்குப் புதியவர், சின்ன வயசு. மைனி ஒரு வாரமாக இதற்காகவே காத்திருந்தவள் போல, "ஐயரே, மேல பாருங்க. தலைகீழா மரம். இது சாத்தானுக்குக் கெட்டுறதுன்னு எங்க ஊர்ல ஒரு சகோதரி சொல்லுதா. சொன்னா இவ கேக்க மாட்டேங்கா" என்றாள்.

ஐயர் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மரம் வைக்கணும்னு வேதத்துல எங்கயும் இல்லம்மா. அதனால எப்படி வைக்கக் கூடாதுன்னும் இல்ல" என்றார். இந்த ஐயருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. மாவட்டத்தை விட்டு மாற்றாமல் இருக்க வேண்டும்.

காப்பி குடிக்கும்போது அவர் டம்ளரில் சவுக்கு ஊசி ஒன்று விழுந்தது. மைனி அதைச் சாத்தானுடைய பதிலாக எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 18, ஞாயிறு

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சவுக்குக் கொப்பு வெட்டி எட்டு நாளாகிவிட்டது. காய்கிறது. காய்ந்தால் உதிரும். நேராக வைத்த மரம் தரையில் உதிர்க்கும், இது நோயாளி முகத்தில் உதிர்க்கிறது. அறிவியல் டீச்சர் வீட்டில்தான் இந்தக் கூத்து நடக்கும். நாம் ஊசி இலை என்று சொல்வது இலையே கிடையாது, பச்சைத் தண்டு, அதற்குக் கணு உண்டு, கணுவில்தான் ஒடியும். பாடம் நடத்தத் தெரிகிறது.

கொசுவலை கட்டலாமா என்றேன். "மரம் தெரியாது" என்றார். மரத்தை அவிழ்த்துவிடலாமா என்றேன். "வேண்டாம்" என்றார், சத்தமாக. கடைசியில் இசக்கிமுத்து மின்வாரியத்துக் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தான், பொறி பறக்கும்போது போடுவது, காதுவரை மூடியது. அதை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணிலும் அடிபட்டதா என்று கேட்கிறார்கள்.

கால்: பூஜ்யம். ஒப்பந்தம் நிலுவையில்.

டிசம்பர் 20, செவ்வாய்

முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்தேன். மைனி வெல்லம் காய்ச்சினாள். பாகு பதம் தப்பியது. சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

உருண்டை பிடிக்கும்போது மைனி மறுபடியும் ஆரம்பித்தாள். "சின்னதுலேருந்தே அவனுக்கு இந்தப் பெருமை. மழ பெஞ்ச ஈரத்துல எவனாவது தொட்டி மேல ஏறுவானா?" நான் தலையாட்டினேன். உருண்டையை மாவில் முக்கினேன்.

ஏறமாட்டேன் என்றுதான் அவர் சொன்னார். "மழ பெஞ்சு பாசி கெடக்குளா, நாளைக்குக் காலைல கெட்டுதேன்" என்று மாடியிலிருந்து சொன்னார். எதிர் வீட்டில் அன்று சாயங்காலமே ஸ்டார் எரிய ஆரம்பித்திருந்தது.

இதை இங்கே ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பிசியோ பெண் படிப்பாள் என்றால் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும்.

டிசம்பர் 22, வியாழன்

பிசியோ பெண் டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தாள். இடது தொடை வலதை விட ஓர் அங்குலம் இளைத்துவிட்டது. நாலு வாரத்தில் ஓர் அங்குலம். வாசலுக்கு என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போச்சுன்னா நிக்க வைக்கும்போது அந்தக் கால் தாங்காது. அப்புறம் வீல்சேர்தான். அவங்களா மனசு வச்சாத்தான் உண்டு. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றாள்.

இல்லை என்றேன்.

உள்ளே வந்து ஒப்பந்தத்தை வாபஸ் வாங்கினேன். "பந்து எல்லாத்தையும் மாட்டிருதேன். சும்மா மடக்குங்க. எனக்காக மடக்குங்க" என்றேன். கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "மாட்டாத" என்றார். காலும் மடங்கவில்லை.

பயமாக இருக்கிறது. கிண்டல் எழுத வரவில்லை இன்று.

டிசம்பர் 24, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேரல் ரவுண்ட்ஸ் ஏழு மணிக்கே வந்துவிட்டது. ஆசீர் அண்ணாச்சி வீட்டில்தான் முதல் பாட்டு என்று சபையில் முடிவு பண்ணினார்களாம். பதினைந்து இருபது பேர், கிட்டார், டிரம், எல்லாரும் ஹாலுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். நுழைந்ததும் எல்லாரும் அண்ணாந்தார்கள். மேலே நாலு பந்தோடு ஒரு மொட்டை மரம், கீழே மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குக் கிளம்பினவர் போல ஒரு கண்ணாடிக்காரர். ஜெயசீலன் தாத்தா அங்கியில் வந்தார். எங்கள் வீட்டுக்காரர் தொப்பைக்குத் தைத்த அங்கி, அதற்குள் இரண்டு ஜெயசீலன் கொள்ளும். வந்து கட்டிலருகே குனிந்து மிட்டாய் நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார்.

இரண்டு பாட்டு பாடினார்கள். பிறகு ஜெபம். ஜெபம் பண்ணப்போகிற நேரத்தில் மைனி முன்னால் வந்தாள். "எங்க தம்பிக்காக விசேஷமா ஜெபம் பண்ணுங்க. எல்லாரையும் விட ஒசரமா கெட்டணும்னு பெருமையில ஏறுனான். கர்த்தர் அவனக் கீழ எறக்கிட்டாரு. ஒரு மாசமா மனந்திரும்பாமக் கெடக்கான். கால மடக்கச் சொன்னா மடக்க மாட்டேங்கான். இந்தப் பெருமை அவனை விட்டுப் போகணும்னு ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். நான் குனியவில்லை. அவரைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. வாய் திறக்கப் பார்த்தது, உதட்டைக் கடித்து மூடினார். அந்தக் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டி நின்றது. மல்லாந்து படுத்தவருக்கு அது வழிந்தோடக்கூட வழியில்லை.

"மைனி, நிறுத்துங்க" என்றேன்.

எனக்கே என் குரல் கேட்டது. வகுப்பில் பேசுகிற குரல்.

"அவிய ஏற மாட்டேன்னுதான் சொன்னாவ. பாசி வழுக்குது, காலைல கெட்டுதேன்னாவ. நான்தான் கீழ முற்றத்துல நின்னுக்கிட்டு ரெண்டு வார்த்த சொன்னேன். அதுக்கப்புறம்தான் ஏறுனாவ. பெருமை அவியளுக்கு இல்ல. எனக்கு."

"அப்படி என்ன சொன்ன?" என்றாள் மைனி.

"ஜெயசீலனைக் கூப்பிடட்டுமா-ன்னு கேட்டேன்."

இருபது பேரும் கிறிஸ்மஸ் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தாடியைக் கீழே இழுத்தார். "என்னையவா டீச்சர்?" என்றார்.

"ஒங்களத்தான்."

சபைச் செயலாளர் ஜெபத்தை விட்டுவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தார், கிட்டார் பையன் வேறு சுருதியில் பிடித்தான், ஒரு மாதிரி பாடி முடித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு முந்திரிக்கொத்து கொடுத்தேன். தட்டிலிருந்து இரண்டு உருண்டை கீழே விழுந்தது. அவர்கள் போன பிறகு மைனி அடுப்படிக்குப் போய், என் டப்பாக்களை எல்லாம் பழைய இடத்திலேயே எடுத்து வைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டேன். துடைக்க விட்டார்.

டிசம்பர் 25, ஞாயிறு

மைனி ஆராதனைக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. எல்லார் முகத்திலும் எப்படி விழிப்பது. அதோடு எட்டு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

திருப்பும்போது, "ஏளா" என்றார்.

அவர் என்னைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை முப்பது நாளாகக் கேட்கவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

"அத ஏன் எல்லாருக்கும் முன்னால சொன்ன? நா சொல்லாமத்தான கெடந்தேன்."

"நீங்க ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரில வந்தவன் எல்லாம் எப்படி விழுந்தன்னுதான் கேட்டான். வாயத் தொறந்தா மொதல்ல அதுதான் வரும்னு எனக்குத் தெரியும். ஒன்னயச் சொல்லிருவேன். அதான் தொறக்கல."

"ஒரு மாசமாவா?"

"கோவம் தீரட்டும்னு பாத்தேன். தீரல. நீ கால மடக்கச் சொன்னாலும் அந்தக் கோவந்தான் மடக்க விடல. எதப் பேசப் போனாலும் அதுலதான் வந்து நிக்குது. மரத்தப் பத்திப் பேசுனா மட்டும் வரல."

நான் இந்த நோட்டில் பக்கம் பக்கமாக என்னென்னவோ எழுதியிருக்கிறேன். மனசு உடைந்தவர், பிடிவாதக்காரர், ஒத்துழைக்காதவர். அந்த மனுஷர் ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுக்காமல் படுத்திருந்திருக்கிறார். நான் வருகிறவர்களிடமெல்லாம் அவரைச் சிரிப்பாகச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன், அவர் காதுபட.

"தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன். இந்தச் சொல் எனக்குச் சுலபமாக வருகிற சொல் இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன். பொத்திக்கொள்ள முந்தானை தேடவில்லை.

"இப்பக் கோவம் தீந்துட்டா?" என்று கேட்டேன்.

"இல்ல." பிறகு, "நேத்து கொஞ்சம் கொறஞ்சுது" என்றார்.

நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "அழுது முடிஞ்சுதுன்னா என்னய நேரா மல்லாத்து. கால மடக்கிப் பாக்கேன்" என்றார்.

மல்லாத்தினேன். இடது குதிகாலை மெத்தையில் தேய்த்துக்கொண்டே மேலே இழுத்தார். முகமெல்லாம் வேர்த்தது. முட்டி நடுங்கிக்கொண்டு எழுந்தது. நான் தொடவில்லை. ஒன்று. இரண்டு. ஐந்தாவதில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், கிறிஸ்மஸ் காலை என்றுகூடப் பார்க்காமல். எட்டோடு காலை நீட்டிப் போட்டுவிட்டு, "பந்த எடு" என்றார்.

"பத்துக்குத்தான் பந்து."

"எட்டுப் போதும். மொத நாளு."

"பத்துன்னா பத்து. வகுப்புல இப்படி எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"முதுகு ஒடஞ்சவன்கிட்ட கணக்குப் பேசுத. மனுசியா நீ?"

"ஒடைய வச்சவளே நான்தான், எங்கிட்டயே சொல்லுதியளா?"

இரண்டு பேரும் கத்தினோம். அவர் பழைய சத்தத்தில் கத்தினார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சவுக்கு ஊசி பொலபொலவென்று உதிர்ந்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜெயசீலன் கோயிலுக்குக் கிளம்பியவர், சத்தம் கேட்டுப் புது வேட்டியோடு எங்கள் வாசலுக்கு ஓடிவந்து, எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, டீச்சர், எதுவும் ஒத்தாசை வேணுமா? நா வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.